டீக்கனுக்கு யார் கொடுப்பது

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அருள்சாமி காலை ஏழு மணிக்கே ஆலயக் கதவைத் திறந்துவிடுவார். பத்து மணி ஆராதனைக்கு ஏழு மணிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேமரன் மலைக் குளிரில் ரொட்டி வெட்டிப் பார்த்தவர்கள் இல்லை. விரல் மடங்காது. முந்தின நாள் பிரிஞ்சாங்கில் வாங்கி வந்த ரொட்டியின் ஓரங்களைச் சீவி எடுத்துவிட்டு, நடுவில் உள்ள வெள்ளையைச் சின்னச் சதுரங்களாக வெட்ட வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இருந்தால் அவருக்கு ஆகாது. பிறகு திராட்சைச் சாற்றைக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். ஒரு மிடறுக்கு மேல் கொள்ளாத கிண்ணங்கள். தட்டில் நாற்பது குழி இருக்கிறது. இப்போது பத்தொன்பதுக்குத்தான் வேலை.

பாஸ்டருக்கு ஒன்று. பெஞ்சுகளில் உட்காருபவர்களுக்குப் பதினாறு. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாக எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலேயே படுத்திருக்கும் லூர்தம்மாளுக்கு ஒன்று. கடைசியாகத் தனக்கு ஒன்று. பதினொரு மாதமாக அந்தக் கடைசிக் கிண்ணத்தை அவர் ஊற்றித்தான் வைக்கிறார். குடித்ததில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆலயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மண்ணில் ஊற்றிவிடுவார். தன் பங்கு ரொட்டித் துண்டை உதிர்த்து மைனாக்களுக்குப் போட்டுவிடுவார். இது ஒருவருக்கும் தெரியாது.

இந்தச் சபைக்கென்று ஒரு முறை உண்டு. திருவிருந்தில் யாரும் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளங்கையை விரித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சபையின் உதவி ஊழியரான டீக்கன் வந்து அப்பத்தை அதில் வைப்பார், கிண்ணத்தைக் கையில் கொடுப்பார். பாஸ்டருக்கும் இதே சட்டம்தான். ஜெபம் பண்ணி அப்பத்தை ஆசீர்வதிப்பதோடு அவர் வேலை முடிந்தது; அதற்கப்புறம் அவரும் கையை ஏந்தித்தான் ஆக வேண்டும். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு இரண்டு டீக்கன்மாரும் மேசைக்கு முன்னால் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். எப்போது வந்த வழக்கம், யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பழைய தேயிலை ஸ்டோரில் ஆராதனை நடந்த காலத்திலிருந்தே இப்படித்தானாம். கோவிட் சமயத்தில் மற்ற இடங்களில் மூடி போட்ட பாக்கெட் கிண்ணங்கள் வந்துவிட்டன. இங்கே கையுறை மாட்டிக்கொண்டு கொடுத்தார்களே தவிர, முறையை விடவில்லை.

இரண்டு டீக்கன் இருந்தவரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒரே ஒருவர் மிஞ்சினால் அவருக்கு யார் கொடுப்பது என்று, வழக்கத்தை வைத்த புண்ணியவான்கள் யோசிக்கவில்லை.

அருள்சாமிக்கு வயது அறுபத்திரண்டு. பிறந்தது, வளர்ந்தது, உழைத்தது எல்லாம் ஒரே எஸ்டேட்டில். பதினேழு வயதில் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் சேர்ந்தார். பிறகு லைசென்ஸ் எடுத்துக் கொழுந்து லோரிக்கு மாறினார். அறுபதில் மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த வாரமே கான்ட்ராக்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த வளைவுகளில் லோரி ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. இப்போது கொழுந்து வெட்டுபவர்கள் எல்லாரும் வங்காளதேசத்து ஆட்கள். நல்ல மனிதர்கள், அவரை 'பாக்சிக்', பெரியவரே, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர்களோடு மலாயில்தான் பேச வேண்டும். திங்கள் முதல் சனி வரை தமிழ் பேச அவருக்கு போன் மட்டும்தான். லயத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டுத் தொங்குகிறது. வலது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈப்போ போனார்கள், இடது பக்கத்துக்காரர்கள் கிள்ளான் போனார்கள். 

மனைவி ஷா ஆலமில் இருக்கிறார். மகள் வனஸ்ஸாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். மூன்று மாதம் நாலு வருடமாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் போன் வரும், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பார். பின்னால் குழந்தைகள் கத்தும், போன் நின்றுவிடும். அதற்கப்புறம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான். ஆகையால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அந்தப் பதினாறு பேரின் கையில் ஒரு துண்டு ரொட்டி வைக்கும்போதுதான், தானும் ஒரு மனுஷன் என்ற நினைப்பு வருகிறது.

அவரும் லூயிசும் ஒரே நாளில் டீக்கன் ஆனவர்கள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அப்போது இருந்த பாஸ்டர் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். டீக்கன் வேலை பிரசங்க மேடையில் ஏறும் வேலை இல்லை. கதவு திறப்பது, மேசை விரிப்பைத் துவைத்துப் போடுவது, யார் வரவில்லை என்று பார்த்து ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு அன்று மத்தியானமே அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பந்தி விசாரிக்கிற வேலை. வேதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று லூயிஸ் சொல்வார். வேதத்தை எடுத்துப் பேசுவதில் லூயிஸ் கெட்டிக்காரர். ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர், நெட்டையான ஆள், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன். வலது பக்கத்துப் பெஞ்சுகள் அருள்சாமிக்கு, இடது பக்கம் லூயிசுக்கு. மேசைக்கு முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். பதினெட்டு வருடம் அப்படி ஓடியது. அருள்சாமி தன் அண்ணனிடம்கூட அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

பிறகு வனஸ்ஸா கல்யாணம் வந்தது. அதே எஸ்டேட்டில் வளர்ந்த யோகேந்திரனை அவள் கட்டிக்கொண்டாள். பையன் இந்து. ஈப்போவில் ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டார்கள். அருள்சாமிக்கு முதலில் கோபம்தான், பிறகு அடங்கிவிட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று மகள் ஆலயத்துக்கு வந்தாள். அம்மாவோடு இடது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள், மற்றவர்களைப் போலவே உள்ளங்கையை விரித்துக்கொண்டிருந்தாள். லூயிஸ் தட்டோடு வந்தார். அவள் அம்மா கையில் வைத்தார். வனஸ்ஸாவைத் தாண்டி அடுத்தவர் கையில் வைத்தார். 

பாஸ்டர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சபை தீர்மானம் ஒன்றும் இல்லை. லூயிசே எடுத்த முடிவு. விரித்த கையை மூடிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் மகள் உட்கார்ந்திருந்ததை, அருள்சாமி வலது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வனஸ்ஸா அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

அருள்சாமி லூயிசோடு பேசுவதை நிறுத்தினார். லூயிசும் சமாதானத்துக்கு வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் டீக்கன். முதல் ஞாயிறு வந்தால் மேசைக்கு முன்னால் எதிரெதிரே நின்றுதான் ஆக வேண்டும். முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார்கள், வாங்கினார்கள். ஏழு வருடம். வாய்விட்டு ஒரு வார்த்தை கிடையாது. சகோதரனோடு கோபமாக இருக்கிறவன் இந்தப் பந்தியில் சேரக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். சபையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் லூயிஸ் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மகள் ஷாரன் வந்து அவரைக் கம்போங் ராஜாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே அவள் காய்கறி பேக்கிங்கில் சூப்பர்வைசர். அதே மாதத்தில் பழைய பாஸ்டரும் ஓய்வு பெற்றுப் போனார். ஜனவரியில் பாஸ்டர் டெரன்ஸ் வந்தார். வயது முப்பத்துநாலு. ஈப்போவில் குடியிருந்துகொண்டு நாலு சபைகளைப் பார்ப்பவர். மாதத்துக்கு ஒரு தரம்தான் மேலே ஏறி வர முடியும்.

ஜனவரி முதல் ஞாயிறு அருள்சாமி இரண்டு பக்கமும் தானே கொடுத்துவிட்டு மேசைக்கு வந்தார். எதிரே ஆள் இல்லை. புது பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். சபை தலை குனிந்திருந்தது. அருள்சாமி கொஞ்ச நேரம் நின்றார். யாராவது எழுந்து வருவார்கள் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. கீபோர்டு வாசிக்கிற அம்மா அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். அவர் தட்டை வைத்துத் துணியைப் போட்டு மூடினார்.

அவ்வளவுதான் நடந்தது. அது ஒவ்வொரு மாதமும் நடந்தது. டீக்கன் பிறகு தனியாக எடுத்துக்கொள்வார் என்று பாஸ்டர் நினைத்தார், அவர் வளர்ந்த சபையில் அப்படித்தான். பாஸ்டர் முன்னாலேயே டீக்கனுக்குக் கொடுத்திருப்பார் என்று சபை நினைத்தது. ஒருவரையும் குறை சொல்ல முடியாது, அதுதான் அருள்சாமிக்குப் பெரிய வேதனை. குறை சொல்ல ஒரு ஆள் இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். வாயைத் திறந்து கேட்கவும் கூச்சம். பந்தி பரிமாறுகிறவன் எனக்கு எங்கே சோறு என்று கேட்பானா? 

மனைவியிடம் மட்டும் ஒரு தடவை போனில் சொன்னார்.

"அடுத்தவங்களுக்கு எடுத்துக் குடுக்குற கைதான, நீங்களே எடுத்து வாயில போட்டுக்க வேண்டியதுதான" என்றார் மனைவி. "ஆண்டவர் என்ன, கோவிச்சுக்கவா போறாரு?"

அவரும் முயன்று பார்த்தார். ஜூலை மாதம், எல்லாரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுத் துண்டை எடுத்து வாய்க்குப் பக்கம் கொண்டுபோனார். முடியவில்லை. யாரும் கொடுக்காததை எடுத்துத் தின்பது திருட்டு மாதிரி இருந்தது. மைனாக்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இன்று டிசம்பர் முதல் ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இன்று கேட்டுவிட வேண்டும் என்று அருள்சாமி முடிவு செய்திருந்தார். கிறிஸ்துமஸ் வருகிறது, ஒரு வருடம் முடியப் போகிறது, இப்படியே விட்டால் சாகும்வரை இப்படியே போய்விடும் என்று பயம் வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். அருள்சாமி கிண்ணங்களைத் தட்டில் சேர்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"பாஸ்டர், ஒரு விஷயம். இந்தத் திருவிருந்துல எனக்கு…"

"அதச் சொல்லணும்னு இருந்தேன் அங்கிள், ரொம்ப நீட்டா பண்றீங்க. நான் போற எடத்துல எல்லாம் உங்களப் பத்திதான் சொல்றேன்" என்றார் டெரன்ஸ். போனில் ரோட்டைப் பார்த்தார். "அல்லாமா, கியா பார்ம்ல இப்பவே ஜாம். மூணு மணிக்கு ஈப்போல ஒரு ஞானஸ்நானம் இருக்கு. நீங்க அப்புறமா எடுத்துக்குவீங்கதான?"

"ஆமா பாஸ்டர்" என்றார் அருள்சாமி.

"ஓகே லா அங்கிள். காட் பிளெஸ்." கார் கிளம்பிவிட்டது.

ஆமா என்று ஏன் சொன்னோம் என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. தொட்டி ஓரம் போய்க் கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்தார். ரொட்டித் துண்டை உதிர்க்க மனம் வரவில்லை. லூர்தம்மாளுக்கு எடுத்துப் போகும் எவர்சில்வர் டப்பாவிலேயே அதையும் போட்டு மூடினார்.

லூர்தம்மாள் அவருக்கு இரண்டு வயது மூத்தவர். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். பிறப்பால் கத்தோலிக்கர், கல்யாணம் கட்டி இந்தச் சபைக்கு வந்தவர். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்ன அந்தக் காலத்துப் பாஸ்டரிடம், மாதா பெயரை மாற்றினால் இடி விழும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தவர். இடுப்பு போனாலும் நாக்கு போகவில்லை. மகன் ரூபன் பிரிஞ்சாங் ஹோட்டலில் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் தனிதான்.

அருள்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜெபித்து, அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். பாட்டிலில் கொண்டுவந்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். லூர்தம்மாள் சாப்பிட்டு, கண்ணை மூடி இருந்துவிட்டு, திறந்தார்.

"டப்பால இன்னொண்ணு கெடக்குதே, அது யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. மிஞ்சிப்போச்சு."

"நீயா, மிஞ்சுற மாதிரி வெட்டுற ஆளு? என்கிட்டயே பொய் சொல்றியே அருளு."

 அவர் ஒரு வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. எதிரே ஆள் இல்லாமல் நின்றது, பாஸ்டர் நினைத்தது, சபை நினைத்தது, மண்ணில் ஊற்றியது, மைனா. "ஒரு வருஷம்க்கா. அத்தன பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட, இவனுக்கு யாரு குடுத்தாங்கன்னு தோணல. நான் செத்தா கதவு தெறக்க ஆளு வரலியேன்னுதான் தேடுவாங்க போல" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அறுபத்திரண்டு வயது ஆள், தோளைக் குலுக்கிக்கொண்டு அழுதார்.

 அவர் அழுது முடித்ததும் லூர்தம்மாள் டப்பாவை இழுத்துத் துண்டை எடுத்தார். "இதுக்கா இம்புட்டு? கைய நீட்டு, நான் குடுக்குறேன். டீக்கன்தான் குடுக்கணும்னு எழுதியா இருக்கு?"

அருள்சாமி உள்ளங்கையை விரித்தார். அவருக்கு அப்போது வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. லூர்தம்மாளின் கை பாதி தூரம் வந்தது, நின்றது.

"அது சரி, லூயிசுக்கு யாரு குடுக்குறா?"

"பாஸ்டர் அந்த வழியாத்தான வர்றாரு. கம்போங் ராஜாவத் தாண்டித்தான ஈப்போ ரோடு. குடுத்துட்டுப் போவாரு."

"போவாருன்னா? நீ கேட்டியா?"

அவர் கேட்டதில்லை.

"கேளு" என்றார் லூர்தம்மாள். துண்டு அவர் விரலிலேயே இருந்தது.

அருள்சாமி போனை எடுத்தார். டெரன்ஸ் இன்னும் கியா பார்ம் நெரிசலில்தான் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"லூயிசா? எந்த லூயிஸ் அங்கிள்?" என்றார். அருள்சாமி விளக்கிச் சொன்னார். "நம்ம சபையில இன்னொரு டீக்கன் இருந்தாரா? சிக் லிஸ்ட்ல அந்தப் பேரு இல்லையே. நீங்க குடுத்த லிஸ்ட்ல லூர்தம்மாள் ஆன்ட்டி மட்டும்தான இருக்காங்க."

உண்மைதான். ஜனவரியில் புது பாஸ்டர் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் கேட்டபோது, எழுதிக் கொடுத்தது அருள்சாமி. முதல் வரியில் லூர்தம்மாள் என்று எழுதினார். இரண்டாவது வரியில் பேனாவை வைத்தார், எடுத்துவிட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. கம்போங் ராஜா இங்கிருந்து முக்கால் மணி நேரம். அவன் மகள் பார்த்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் சபை ஏதாவது இருக்கும். இப்படி நாலு காரணம் அன்றைக்கே மனதில் அடுக்கிக்கொண்டு காகிதத்தை மடித்துக் கொடுத்தார். எல்லாரும் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் என்று சொன்னோமே, அருள்சாமியும் அதையேதான் நினைத்தார். மற்றவர்கள் தெரியாமல் நினைத்தார்கள். இவர் நினைக்க விரும்பி நினைத்தார்.

லூயிஸ் ஒரு நாள், எல்லார் கண் முன்னாலும், ஒரு கையைத் தாண்டிப் போனார். இவர் ஒரு வருடமாக, யார் கண்ணிலும் படாமல், லூயிசின் கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. 

"அத டப்பாவுல போடுக்கா" என்றார். "எனக்கு வேணாம்."

லூர்தம்மாள் போட்டார். "மழையில பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

பழைய கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நின்றவர்களின் கார்கள் ரோட்டை அடைத்திருந்தன. நாற்பத்தைந்து நிமிட வழிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தார். வனஸ்ஸா விஷயத்தை எடுப்பதா, விடுவதா? மன்னிப்புக் கேட்பதா, கேட்க வைப்பதா? ஒன்றும் முடிவாகவில்லை. அந்த ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் போதும் என்று தோன்றியது. தனக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை.

கம்போங் ராஜாவில் கடைவரிசைக்கு மேல் மாடி வீடு. ஷாரன் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"வாங்க அங்கிள்" என்றாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "ஒவ்வொரு மொத ஞாயிறும் அப்பாவுக்கு எப்படித்தான் தெரியுமோ தெரியல. காலண்டரக் காட்டி, வெள்ளச் சட்டையப் போட்டு ஜன்னல்கிட்ட உக்கார வைன்னு சைகை காட்டுவாரு. மூணு மணி, நாலு மணி வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருப்பாரு. யாரும் வர மாட்டாங்கப்பான்னு சொன்னா என்மேல கோவம் வரும்."

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்தான்."

அருள்சாமி உள்ளே ஓர் அடி வைத்தார். ஷாரன் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அங்கிள், அப்பாவுக்கு அது குடுக்க முடியாது. ஆகஸ்டு வரைக்கும் கஞ்சி குடிச்சாரு, ரொட்டிய நனச்சுக் குடுத்தா சாப்பிடுவாரு. செப்டம்பர்ல ரெண்டாவது தடவ ஸ்ட்ரோக் வந்துச்சு. அதுக்கப்புறம் தொண்ட வேல செய்யல. மூக்குல டியூப் போட்டுத்தான் பால் போகுது. ஒரு துளி தண்ணி வாயில விட்டாலும் நெஞ்சுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அவர் முழங்கையை விட்டாள். "மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம் அங்கிள்."

அருள்சாமி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். 

லூயிஸ் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். நெட்டையான ஆள் பாதியாகக் குறுகியிருந்தார். மூக்கிலிருந்து குழாய் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அருள்சாமியைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் அசைந்தது. சத்தம் வரவில்லை. அருள்சாமி அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல வருடம் கழித்து அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"லூயிசு" என்றார். "நான்தான் உன் பேர எழுதல. லிஸ்ட்ல. நான்தான்."

லூயிஸ் கேட்டுக்கொண்டார். கோபப்பட்டாரா, தெரியாது. இடது கையைத் தூக்கி டப்பாவைக் காட்டினார். அருள்சாமி பதறி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். உன்னால முழுங்க முடியாது. ஷாரன் சொல்லிருச்சு."

லூயிஸ் இல்லையென்று தலையை மெதுவாக ஆட்டினார். விரல் டப்பாவையே காட்டியது. திற என்றது. அருள்சாமி ஷாரனைப் பார்த்தார், அவளுக்கும் புரியவில்லை. திறந்தார். லூயிஸ் இடது கையின் இரண்டு விரலால் துண்டை எடுத்தார். ஒரு தடவை நழுவி டப்பாவிலேயே விழுந்தது, மறுபடி எடுத்தார். அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அருள்சாமியின் பக்கம் நீட்டினார்.

இருபத்தாறு வருடப் பழக்கம். அருள்சாமியின் உள்ளங்கை அவரைக் கேட்காமலே விரிந்தது. லூயிஸ் அதில் அப்பத்தை வைத்தார். காலையில் வெட்டிய ரொட்டி, காய்ந்துபோய் இருந்தது. அருள்சாமி வாயில் போட்டு மென்றார். இந்த ஒன்றுக்காகத்தான் ஒரு வருடம் ஏங்கினார். இப்போது அதை விழுங்க முடியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கினார். வெட்கமாக இருந்தது, பசி ஆறியது மாதிரியும் இருந்தது.

கொடுத்து முடித்த லூயிஸ் தன் இடது கையைத் திருப்பி, மடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். முறைப்படி அடுத்தது அவர் வாங்குகிற முறை.

டப்பாவில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொடுக்க முடியாது. அருள்சாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் கையை எடுத்து அந்த உள்ளங்கையின் மேல் வைத்தார். லூயிஸ் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அருள்சாமி கையை எடுத்துக்கொண்டார். விரித்த கை விரித்தபடியே காத்திருந்தது.